மென்பொருள் நின்றுபோனால் கற்ற வேலை என்னாகும்?

சாங்கி விமான நிலைய இரண்டாம் முனையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில், 14 மீட்டர் உயரத் திரையில் அருவி கொட்டுகிறது. அதில் ஒரு சொட்டுகூட உண்மை நீர் இல்லை. அத்தனையும் கணினிக் காட்சி.

இத்தகைய கணினிக் காட்சிகளில் பாறையின் வடிவத்தையும் ஒளி விழும் திசையையும் கலைஞர் அமைக்கிறார். அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிட்டுப் படமாக்குவது ரெண்டரிங் மென்பொருள். அந்த மென்பொருளை நிறுவனம் கைவிட்டால்?

அப்படி நடந்திருக்கிறது. 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளை வைத்திருந்த ஆட்டோடெஸ்க், 2006ல் மாயாவையும் 2008ல் சாஃப்ட்இமேஜையும் வாங்கியது. முப்பரிமாணத் துறையின் மூன்று முக்கியக் கருவிகள் ஒரே கைக்குப் போயின. 2014ல் சாஃப்ட்இமேஜ் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களை நடமாட வைத்த மென்பொருள் அது. திரைப்படங்களில் பல்லாண்டு பயன்பட்ட மென்டல் ரே என்ற ரெண்டரிங் மென்பொருளை என்விடியா 2017ல் நிறுத்தியது.

ஆதிக்கம் ஒரு சுழற்சியாக வளர்கிறது. நிறுவனங்கள் மாயா தெரிந்தவரைத் தேடுகின்றன. கல்லூரிகள் அதையே கற்பிக்கின்றன. மாணவரும் அதையே கற்கின்றனர். 2016 முதல் ஆட்டோடெஸ்க் புதிய நிரந்தர உரிமங்களை விற்பதில்லை, சந்தா மட்டுமே. வாடகை வீடு போலத்தான்: பணம் கட்டும்வரை குடியிருக்கலாம்.

மாற்று வழியும் உண்டு. பிளெண்டரை உருவாக்கிய நிறுவனம் 2002ல் மூடப்பட்டபோது, பயனாளர்கள் ஏழே வாரங்களில் 100,000 யூரோ திரட்டி அதன் மூல நிரலைப் பொதுவுடைமையாக்கினர். பிளெண்டரில் உருவான ‘ஃப்ளோ’ 2025ல் ஆஸ்கர் வென்றது.

சிங்கப்பூரில் 2023ல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் கூடம் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 300க்கும் மேற்பட்டோரின் வேலை பாதிக்கப்பட்டது. காரணம் மென்பொருள் அல்ல. ஆனாலும் ஒன்றையே நம்பியிருப்பதன் ஆபத்து அங்கும் தெரிந்தது.

பிள்ளை இத்துறையைத் தேர்ந்தெடுத்தால் தடுக்க வேண்டாம். மாயாவுடன் பிளெண்டரையும் பழகட்டும். படைப்புகளை அலெம்பிக், யுஎஸ்டி போன்ற பொது வடிவங்களிலும் சேமிக்கட்டும். கருவியின் பொத்தான்கள் மாறும். ஒளி, நிழல், அசைவு பற்றிய அறிவு எந்த மென்பொருளிலும் கைகொடுக்கும்.