ஒரே வேதம், இரு வாசிப்புகள்: இங்கிலாந்துத் திருச்சபையில் பெண் பிஷப்புகளும் சுவிசேஷவாதிகளும்

மேற்கு நாடுகளின் கிறிஸ்தவ சபைகளில் பெண்கள் உயர் பதவிகளை எய்தியமை குறித்து எழுதுவோருள் ஒரு சாரார் அதனை நவீன காலத்தின் வெற்றியாகக் கொண்டாடுகின்றனர். மறுசாரார் வேதத்தைக் கைவிட்டதன் விளைவு என அதனைக் கண்டிக்கின்றனர். முரண்பட்ட இவ்விரு தரப்பினரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒன்றுபடுகின்றனர். பெண் தலைமையை ஆதரிப்பவர் எவராயினும் அவர் வேதநூலின் அதிகாரத்தைத் தளர்த்தியவராகவே இருக்க வேண்டும் என்பதே அவர்களது பொதுவான முற்கோள். இங்கிலாந்துத் திருச்சபையின் அண்மைக்கால வரலாற்றை ஊன்றி நோக்கும்போது இம்முற்கோள் நிலைக்கத்தக்கதாக நமக்குத் தோன்றவில்லை. பெண் பிஷப்புகளுக்காக வாதாடியோருள் கணிசமானோர், பைபிளே மார்க்கத்தின் இறுதி ஆதாரம் என வலியுறுத்தும் இவாஞ்சலிக்கல் பிரிவைச் சேர்ந்தவர்கள். தமிழில் இவர்களைச் சுவிசேஷவாதிகள் எனலாம். இவர்களை மிகக் கடுமையாக எதிர்த்தோருள் ஒரு பகுதியினரும் அதே பிரிவினரே.

இப்பிரிவின் கொள்கைநிலையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். ஆங்கிலிக்கன் திருச்சபை, கத்தோலிக்க மரபை நேசிப்போர், தாராளவாதிகள், சுவிசேஷவாதிகள் எனப் பல போக்கினரை ஒருங்கே கொண்டது. கத்தோலிக்க மரபினர் பெண் குருத்துவத்தை எதிர்த்தபோது, பிஷப்புகளின் தொடர் மரபையும் உலகளாவிய திருச்சபையின் ஒருமித்த நடைமுறையையும் ஆதாரமாகக் காட்டினர். சுவிசேஷவாதிகளுக்கு இவை இரண்டாந்தரமானவை. அவர்களிடையே எழுந்த வினா ஒன்றே: பவுலின் நிருபங்கள் இதனை அனுமதிக்கின்றனவா, இல்லையா?

இவ்வினா இருபதாம் நூற்றாண்டில் தோன்றியதன்று. மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லி, 1771இல் மேரி போசன்கெட் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், அவர் பெற்றிருப்பது அசாதாரணமான ஓர் அழைப்பு என்ற அடிப்படையில் அவரது போதனையை ஏற்றுக்கொண்டார். 1859இல் அமெரிக்கப் போதகர் ஃபீபி பாமர் இங்கிலாந்தின் வடபகுதியில் பிரசங்கித்தமையை ஒரு குருவானவர் தாக்கியபோது, அதற்கு மறுப்பாகக் கத்தரீன் பூத் ஒரு சிறுநூலை வெளியிட்டார். அந்நூல் பெண்ணுரிமை முழக்கமாக அமையாது, பைபிள் வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயும் விவாதமாகவே அமைந்தது. பின்னர் அவரும் அவரது கணவரும் நிறுவிய இரட்சணிய சேனையில் பெண்கள் தொடக்கம் முதலே அதிகாரிகளாயினர். அவர்களது மகள் இவாஞ்சலீன் பூத் 1934இல் அவ்வமைப்பின் உலகத் தலைவரானார். இங்கிலாந்துத் திருச்சபை ஒரு பெண்ணைக் குருவாக்குவதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்துவிட்டது.

அத்திருச்சபையோ மெதுவாகவே நகர்ந்தது. பெண்களைக் குருக்களாக்குவதற்கு அடிப்படையான ஆட்சேபணை எதுவும் இல்லை என அதன் பொதுச்சபை 1975இல் தீர்மானித்தது. எனினும் அதனைச் செயற்படுத்தும் சட்டம் 1992 நவம்பர் 11ஆம் திகதியே நிறைவேறியது. பிஷப்புகள், குருக்கள், பொதுநிலையினர் ஆகிய மூன்று அவைகளிலும் தனித்தனியே மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. பொதுநிலையினர் அவையில் அது மிகச் சொற்ப வாக்குகளாலேயே கிட்டியது. அன்றைய கன்டர்பரி பேராயர் ஜோர்ஜ் கேரி சுவிசேஷவாதி. சட்டத்தின் உறுதியான ஆதரவாளர். 1994 மார்ச்சில் பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் முதன்முறையாகக் குருப்பட்டம் பெற்றனர்.

இங்கு ஒரு விசித்திரமான நிலை உருவாயிற்று. பெண் குருவாகலாம், பேராலயத்தின் தலைமைக் குருவாகவும் ஆகலாம். ஆனால் பிஷப்பாக முடியாது. கத்தோலிக்க மரபில் பிஷப் பதவி தனித்ததொரு படிநிலை என்பதால் இத்தகைய வரம்புக்கு ஏதேனும் பொருள் கற்பிக்கலாம். பைபிளை மட்டும் ஆதாரமாகக் கொள்வோருக்கு அது எளிதன்று. புதிய ஏற்பாட்டில் ‘மூப்பர்’, ‘கண்காணி’ என்னும் இரு சொற்களும் ஒரே பொறுப்பைக் குறிக்கவே ஆளப்படுகின்றன; தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இயல்பாக மாறிச் செல்வதைக் காணலாம். பிஷப் என்னும் சொல்லின் மூலமே ‘கண்காணி’ என்பதற்குரிய கிரேக்கச் சொல்தான். ஆகவே மூப்பர் பொறுப்பைப் பெண்ணுக்கு வழங்கிய பின்னர் கண்காணிப்புப் பொறுப்பை மறுப்பதற்கு வேதத்தில் இடமில்லை என ஆதரவாளர்கள் வாதிட்டனர். எதிர்ப்பாளர்களும் இத்தர்க்கத்தை ஏற்றனர்; ஆனால் அதனைத் தலைகீழாகத் திருப்பி, 1992ஆம் ஆண்டின் முடிவே பிழையானது என்றனர்.

இனி, இவ்விவாதத்தின் இதயமாகிய வசனங்களுக்கு வருவோம்.

முதலாவது, ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் இடம்பெறும் ஒரு பெயர். அன்றோனீக்கு, யூனியா ஆகிய இருவரையும் அப்போஸ்தலருக்குள் பேர்பெற்றவர்கள் எனப் பவுல் பாராட்டுகிறார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த யோவான் கிறிசொஸ்தொம், பெண்களைப் பற்றிய தாராளக் கருத்துகளுக்குப் பெயர்போனவர் அல்லர். ஆயினும், அப்போஸ்தலர் எனப்படும் தகுதி பெற்ற இப்பெண்ணின் ஞானத்தை வியந்து எழுதியிருக்கிறார். மத்திய காலத்தில் சில உரையாசிரியர்கள் இப்பெயரை ஆண்பெயராகக் கொண்டனர்; லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் அவ்வாறே செய்தது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அசையழுத்தக் குறிகள் இல்லை. குறியை ஓரிடத்தில் இட்டால் ‘யூனியா’ என்னும் பெண். வேறிடத்தில் இட்டால் ‘யூனியாஸ்’ என்னும் ஆண். புதிய ஏற்பாட்டின் பெருமதிப்புப் பெற்ற கிரேக்கப் பதிப்பு 1927 முதல் ஆண்பாற் குறியையே இட்டு வந்தது. ஆனால், ‘யூனியாஸ்’ என்ற பெயருடைய ஓர் ஆணைக்கூடப் பண்டைய கல்வெட்டுகளில் எவரும் கண்டறியவில்லை; ‘யூனியா’ என்ற பெண்பெயரோ ரோமாபுரியில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட தடவைகள் கிடைத்திருக்கிறது. 1998இல் அப்பதிப்பு தன்னைத் திருத்திக்கொண்டது. எல்டன் எப் என்ற பாடபேத அறிஞர் 2005இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு முழுமையாக எடுத்துரைக்கப்பட்டுள்ளது. தமிழ் பைபிள் நெடுங்காலமாகவே ‘யூனியா’ என்றே எழுதி வந்திருக்கிறது என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

எதிர்த்தரப்பினர் இதற்கும் பதில் வைத்திருக்கின்றனர். அவர் பெண்தான், ஆயினும் அப்போஸ்தலருக்குள் ஒருவராக அன்றி அப்போஸ்தலர்களால் நன்கு அறியப்பட்டவராகவே குறிப்பிடப்படுகிறார் என்பது அவர்களது வாதம். 2001இல் வெளியான ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்வாறே பெயர்த்துள்ளது. கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கிறிசொஸ்தொம் வேறு விதமாகப் புரிந்துகொண்டார் என்பதை நோக்கும்போது, இவ்வாதம் வலிந்து கொண்ட பொருளாகவே நமக்குப் படுகிறது.

இரண்டாவது வசனம் இதனைவிடக் கடினமானது. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், பெண் உபதேசிப்பதையும் ஆண்மீது அதிகாரம் செலுத்துவதையும் தாம் அனுமதிப்பதில்லை என்று கூறுகிறது. அங்கு ‘அதிகாரம்’ எனப் பெயர்க்கப்படும் ‘அவுத்தென்டைன்’ என்ற கிரேக்க வினை, புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்வொரு தடவை மட்டுமே வருகிறது. வழமையாக அதிகாரத்தைக் குறிக்கப் பவுலுக்கு வேறு சொல் இருக்க, இந்த அரிய சொல்லை அவர் ஏன் தெரிந்தெடுத்தார்? அது முறையற்ற ஆதிக்கத்தை, பறித்தெடுத்த அதிகாரத்தைக் குறிக்கிறது என்பது ஆதரவாளர்களின் விளக்கம். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பும் அதிகாரத்தை அபகரித்தல் என்ற பொருளிலேயே அதனைப் பெயர்த்தது. அன்ட்ரியாஸ் கோஸ்டன்பெர்கர் முதலிய எதிர்த்தரப்பு அறிஞர்கள் 1995இல் வெளியிட்ட தொகுப்பில், அச்சொல்லும் வாக்கிய அமைப்பும் சாதாரண அதிகாரத்தையே சுட்டுவதாக நிறுவ முயன்றனர்.

2003 முதல் 2010 வரை டர்ஹம் பிஷப்பாக இருந்த புதிய ஏற்பாட்டு அறிஞர் டொம் ரைட், இப்பகுதியின் மற்றோர் அம்சத்தை முன்னிறுத்தினார். இங்கு பெண் தொடர்பான கட்டளை வினை ஒன்றே ஒன்றுதான். அது ‘கற்றுக்கொள்ளட்டும்’ என்பது. பெண் தெய்வமாகிய ஆர்ட்டெமிஸின் ஆலயத்தால் புகழ்பெற்ற எபேசு நகரில் தீமோத்தேயு இருந்தார். அங்குள்ள பெண்கள் கல்விபெற வேண்டும்; ஆனால் அக்கல்வி ஆண்களை அடக்கியாளும் புதியதொரு மதகுரு வர்க்கத்தை உருவாக்கிவிடக்கூடாது என்பதே கூற்றின் நோக்கம் என அவர் விளக்கினார்.

ஒரு கூற்று எந்தச் சூழலில், எவரை நோக்கி எழுந்தது எனத் தேடும் முயற்சி நமது வாசகர்களுக்குப் புதிதன்று. எனினும் ஒப்பீட்டில் அவதானம் தேவை. பவுலின் எழுத்துகள் குறித்த சபைகளுக்கும் ஆட்களுக்கும் ஒரு மனிதர் வரைந்த கடிதங்கள். சூழலைத் தேடுவது அங்கு உரையாசிரியரின் கூடுதல் உதவி மட்டுமன்று. கடிதத்தின் மறுபாதியை மீட்டெடுக்கும் வேலை அது. அம்மறுபாதி தொலைந்துபோனமையே இவ்விவாதம் முடிவுறாமைக்குக் காரணம்.

எதிர்த்தரப்பினரின் மிக வலுவான ஆயுதம் அதே பகுதியின் அடுத்த வரியில் உள்ளது. தடைக்குக் காரணமாக எபேசு நகரின் நிலைமையை அன்றி, ஆதாம் முதலில் படைக்கப்பட்டார் என்பதையே பவுல் காட்டுகிறார். படைப்பின் ஒழுங்கை அடிப்படையாகக் கொண்ட விதி ஓர் ஊருக்கு மட்டும் உரியதாக எவ்வாறு இருக்க முடியும்? இதற்கு ஆதரவாளர்கள் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தைக் காட்டுகின்றனர். பெண் ஆணிலிருந்து தோன்றினாள் எனக் கூறும் பவுல், உடனடியாக ஆண் பெண் வழியாகப் பிறக்கிறான் என அதனைச் சமன்செய்கிறார். அதே அதிகாரத்தில் பெண்கள் சபையில் ஜெபிப்பதும் தீர்க்கதரிசனம் உரைப்பதும் நடைமுறையாகவே கொள்ளப்பட்டு, தலையை மூடியிருத்தல் மட்டும் நிபந்தனையாகிறது. பதில் பொருத்தமானதே, ஆயினும் யூனியா விடயத்தில் ஆதரவாளர்களுக்கு உள்ள உறுதி இங்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பெண்கள் சபைகளில் பேசாதிருக்க வேண்டும் எனக் கூறும் வசனங்கள், சில பழம்பிரதிகளில் அதிகாரத்தின் இறுதிக்கு இடம் மாறியுள்ளன. இதனை வைத்து, அவை பவுலுடையவையல்ல, பின்னர் புகுந்தவை எனப் பெந்தகோஸ்தே அறிஞர் கோர்டன் ஃபீ 1987இல் வாதிட்டார். வேதத்தை முழுமையாக ஏற்பதாகக் கூறுவோர் சிக்கலான வசனத்தை நீக்கித் தப்பிக்கலாமா என்ற சங்கடம் ஆதரவாளர்களிடையேயும் எழுந்தது. பலர் இவ்வழியில் செல்லவில்லை.

அறிஞர்களின் இப்பிளவு சுவிசேஷவாதத்தின் பெருந்தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஜோன் ஸ்டொட் பெண்களின் ஊழியத்தை வரவேற்றார். ஆனால் தலைமைப் பொறுப்பு ஆணுக்குரியது என்ற தயக்கம் அவரிடம் நீடித்தது. ஜே. ஐ. பாக்கர் பெண்களை மூப்பர்களாக்குவதையே நிறுத்துமாறு 1991இல் எழுதினார். மறுபுறத்தில், எஃப். எஃப். புரூஸ், ஆர். டி. ஃபிரான்ஸ், ஹொவர்ட் மார்ஷல் ஆகிய புதிய ஏற்பாட்டு அறிஞர்கள் சமத்துவத்தின் பக்கம் நின்றனர். பெண் பிஷப்புகள் குறித்து 2004இல் வெளியான விரிவான ஆய்வறிக்கையைத் தயாரித்த குழுவுக்கு, கராச்சியில் பிறந்த சுவிசேஷவாதியான ரொச்செஸ்டர் பிஷப் மைக்கேல் நஸீர் அலி தலைமை தாங்கினார்.

2012 நவம்பர் 20ஆம் திகதி இச்சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. பிஷப்புகளில் 44 பேர் ஆதரித்தனர், மூவர் எதிர்த்தனர். குருக்கள் அவையிலும் தேவையான பெரும்பான்மை கிட்டியது. பொதுநிலையினர் அவையில் 132 பேர் ஆதரவாகவும் 74 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இன்னும் ஆறு வாக்குகள் கிடைத்திருந்தால் சட்டம் நிறைவேறியிருக்கும். குருக்களைவிடப் பொதுநிலையினர் முற்போக்கானோர் என எண்ணுவோருக்கு இம்முடிவு வியப்பளிக்கலாம். கத்தோலிக்க மரபினரும் கடும்போக்குச் சுவிசேஷவாதிகளும் இணைந்தே இத்தோல்வியை ஏற்படுத்தினர். பெண் பிஷப்பின் ஆளுகையை மனச்சாட்சிப்படி ஏற்க இயலாத சபைகளுக்கு உரிய பாதுகாப்பு இல்லை என்பது அவர்களது முறைப்பாடு.

2013இல் பதவியேற்ற பேராயர் ஜஸ்டின் வெல்பியும் சுவிசேஷப் பின்னணி கொண்டவர். புதிய ஏற்பாடு ஐந்து வழிகாட்டிக் கோட்பாடுகளை அடிப்படையாகக் கொண்டது. திருச்சபை தன் முடிவைத் தெளிவாக எடுத்துவிட்டது என அவை அறிவித்தன. அதே வேளை, அதனை ஏற்காதோரும் ஆங்கிலிக்கன் மரபுக்குள் தொடர்ந்து மலர்ச்சியுற இடமுண்டு எனவும் உறுதியளித்தன. 2014 ஜூலை 14ஆம் திகதி பொதுநிலையினர் அவையில் 152க்கு 45 என்ற வாக்குகளால் சட்டம் நிறைவேறியது. 2015 ஜனவரியில் லிபி லேன் முதல் பெண் பிஷப்பானார். அதே ஆண்டில், ஆண் தலைமைக் கொள்கையுடைய சுவிசேஷச் சபைகளுக்கென ரொட் தோமஸ் மெய்ட்ஸ்டன் பிஷப்பாக்கப்பட்டார்.

பெண் தலைமையை ஏற்றவர்கள் அடுத்துத் தன்பாலினத் திருமணத்தையும் ஏற்பர் என எதிர்ப்பாளர்கள் எச்சரித்து வந்தனர். இரண்டிலும் வேதத்தை அணுகும் முறை ஒன்றே என்பது அவர்களது துணிபு. தன்பாலின இணையர்களுக்கான ஆசீர்வாத ஜெபங்கள் 2023இல் அனுமதிக்கப்பட்டபோது நிகழ்ந்தது வேறு. டொம் ரைட்டைப் போன்று பெண் பிஷப்புகளுக்காக வாதாடிய பலர், திருமணம் பற்றிய மரபுக் கொள்கையில் உறுதியாக நின்றனர். ஒரு விடயத்தில் பைபிளுக்குள்ளேயே இரு குரல்கள் கேட்கின்றன, மற்றையதில் ஒரே குரல்தான் கேட்கிறது என்பதே அவர்கள் காட்டும் வேறுபாடு.

2025 அக்டோபரில், இங்கிலாந்தின் முன்னாள் தலைமைத் தாதிய அதிகாரியும் 2018 முதல் லண்டன் பிஷப்பாக விளங்கியவருமான சாரா முலாலி அடுத்த கன்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார். ருவாண்டாவின் பேராயர் லோரன்ட் எம்பண்டா தலைமை வகிக்கும் கஃப்கொன் அமைப்பு உடனடியாக எதிர்ப்புத் தெரிவித்தது. பிஷப் பதவி ஆண்களுக்கே உரியது என ஆங்கிலிக்கர் பலர் நம்புவதை அது ஒரு காரணமாகக் காட்டியது. இதனை ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான மோதலாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் சுவிசேஷ மரபில் ஊறிய கென்யத் திருச்சபை, 2021இலேயே எமிலி ஒன்யாங்கோ, ரோஸ் ஒகேனோ என்னும் இரு பெண்களைப் பிஷப்புகளாக்கிவிட்டது.