சிறுநீரகத்தில் நோயின் இடம் காட்டும் அணு மருத்துவம்

நீர்க்கடுப்பு என்பது நம்மவர் நன்கறிந்த சொல். பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களாயினும் ஈப்போ நகரமாயினும், அதனை உடற்சூட்டின் விளைவென்று கருதி இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. ஆயின், பெரும்பாலும் அதற்குக் காரணம் சூடன்று. சிறுநீர்ப் பாதையில் புகுந்த கிருமியே ஆகும்.

அக்கிருமி சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்டால் தொல்லை சிறிது. மேலேறிச் சிறுநீரகத்தைப் பற்றினால் அங்கே தழும்பு விழலாம். அதனால் பின்னாளில் இரத்த அழுத்தமும் சிறுநீரகத் தளர்ச்சியும் தோன்றக்கூடும். பச்சிளங் குழந்தைக்குக் கடுப்பைச் சொல்லத் தெரியாது. காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக நிற்பதும் உண்டு. அந்நிலையில் நோயின் இடத்தை அறிவது எவ்வாறு?

சிறுநீர்ப் பரிசோதனை கிருமி இருப்பதைக் கூறும்; அது சிறுநீரகத்தைப் பற்றிவிட்டதா என்பதை உறுதியாகக் கூறாது. ஸ்கேன் எனப்படும் ஒலியலைப் படம் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். திசு வேலை செய்கிறதா என்பதைக் காட்டாது. இக்குறையை நிரப்புவது அணு மருத்துவம்.

இதற்குப் பயன்படுவது டெக்னீசியம் என்னும் தனிமம். இத்தாலி நாட்டுப் பெரியரும் செக்ரேயும் 1937இல் இதனைக் கண்டனர். ‘செயற்கையானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று. பால்மரம் சீவிப் பால் எடுப்பது போல, மாலிப்டினம் என்னும் தாய்ப்பொருளிலிருந்து உப்புநீரால் இதனைப் பிரித்தெடுக்கின்றனர். மருத்துவத்திற்குரிய டெக்னீசியத்தின் கதிரியக்கம் 6 மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும்.

இதனை டி.எம்.எஸ்.ஏ. என்னும் மருந்தோடு சேர்த்துச் சிறிதளவு இரத்தக் குழாயில் செலுத்துவர். நலமான சிறுநீரகத் திசு அதனை ஈர்த்துக் கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, அதிலிருந்து வெளிவரும் காமாக் கதிர்களைக் கொண்டு காமாக் கேமரா படம் எடுக்கும். கிருமியால் தாக்குண்ட பகுதி மருந்தை நன்கு ஈர்க்காமையால் படத்தில் மங்கித் தோன்றும்.

கிருமி கண்ட உடனே எடுத்த படத்தில் தெரியும் மங்கல் தற்காலிக வீக்கமாகவும் இருக்கலாம். நோய் தீர்ந்து நான்கு முதல் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்திலும் அம்மங்கல் நிலைத்திருப்பின் அது பெரும்பாலும் தழும்பேயாகும். எனினும், எல்லார்க்கும் இப்படம் தேவையில்லை. தேவையை மருத்துவரே முடிவு செய்வார்.

அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கும் மாணவனை அதட்டுமுன் ஆசிரியர் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. காரணம் புலப்படாத காய்ச்சலுக்கு இளநீர் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அன்றே சிறுநீரையும் பரிசோதிக்கச் செய்தல் பெற்றோர் கடமை.