கைவலையின் நீளும் பிடி

தூண்டில் போடும் கொல்கத்தா அன்பர்களுக்கு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் சொல்லும் சில யோசனைகள்.

ரோகு, கட்லா சிக்கியதும் அள்ளியெடுக்கும் கைவலையின் பிடி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆனது, பெரும்பாலும் அலுமினியம். குளத்து மணலும் ஈரமும் இடுக்கில் தங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, குழாய்கள் இறுகிவிடும்.

இறுகியதைக் குறடால் திருகாதீர்கள். நசுங்கிய குழாய் மறுபடி உள்ளே போகாது. வெளிக்குழாயின் மேல் மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். அது சற்று விரிந்ததும் இருவர் பிடித்து எதிரெதிராகத் திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க நீட்டி வைத்து நிழலில் உலர்த்துங்கள். திருகிப் பூட்டும் பிடிக்கு எண்ணெய் வேண்டாம். பூட்டு வழுக்கும், மண்ணும் ஒட்டும்.

மீன் விழுந்ததும் பிடியால் நெம்பித் தூக்காதீர்கள், மூட்டு வளையும். வலையைக் கரைக்கு இழுத்து, வளையத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

என் சர்வீஸ் முழுவதும் நான் சொல்லிவந்தது ஒன்று உண்டு. ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். தொட வேண்டாம், நெருங்கினாலே பாயும். அலுமினியம், கார்பன் இழை இரண்டும் மின்சாரத்தைக் கடத்துபவை. பாதையோரக் குட்டைக்குப் போகிறவர்கள் பிடியை மடக்கியே எடுத்துச் செல்லுங்கள். மடங்காத பிடி வீட்டிலேயே இருக்கட்டும்.