புது டிரைவர் வாங்கினால் பந்து அதிக தூரம் போகுமா?

மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறி, 1895-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப்பில் ஆடுபவர்களுக்கும் எழும் கேள்வி இது.

தூர அடிக்கான மட்டையான டிரைவரின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, பெரும்பாலும் மெல்லிய டைட்டானியத் தகடு. பந்து மோதும்போது சற்றே உள்வாங்கி, மறுகணமே நிமிர்ந்து பந்தைத் தள்ளும். இந்தத் துள்ளலுக்கு விதிகளில் வரம்பு உண்டு: மோதும் வேகம் 100 என்றால், பிரியும் வேகம் ஏறக்குறைய 83-ஐத் தாண்டக் கூடாது. மட்டைத் தலையின் கனஅளவும் 460 கன சென்டிமீட்டருக்குள்தான். நல்ல டிரைவர்கள் இந்த எல்லையைத் தொட்டுப் பல வருடங்களாகின்றன.

அப்படியானால் புதியதில் என்ன லாபம்? எடை ஓரங்களுக்குப் பரவியிருப்பதால், நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திரும்பாது. தூரம் குறைவாகவே இழப்போம்.

வாங்கும் முன், உங்கள் டிரைவரின் முகத்தில் பவுடர் பூசிப் பத்துப் பந்து அடியுங்கள். தடங்கள் சிதறியிருந்தால், முதல் செலவு பயிற்சியாளருக்கு. இருபது வருடப் பழைய டிரைவர் என்றால் தாராளமாக மாற்றுங்கள். நாலைந்து வருடம்தான் ஆகிறதென்றால், பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.