பழைய புல்லட்டுக்கு ஏற்ற நெம்புருள்

எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறக்கச் செய்வது நெம்புருள் எனப்படும் கேம் ஆகும். 1206ஆம் ஆண்டில் அறிஞர் அல் ஜஸரி எழுதி முடித்த நூலிலேயே இவ்வமைப்பு உண்டு. காஞ்சித் தறியில் எவ்விழை எழவேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளை முடிவு செய்வதுபோல், வால்வு எத்துணை நேரம் திறந்திருக்கும் என்பதை நெம்புருளின் வடிவமே முடிவு செய்கிறது.

சென்னையில் உருவான பழைய 350 புல்லட்டில் நெம்புருள்கள் இரண்டு. புதுப்பிக்கும் இளைஞர் சிலர் பந்தய வகையை நாடுகின்றனர். அது வால்வை நெடுநேரம் திறந்து வைப்பதால் அதிவேகத்தில் ஆற்றல் மிகும். மெல்லச் செல்கையில் இழுவை குன்றும். 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் உடைய அவ்வெஞ்சினோ மெல்ல இழுப்பதற்கென்றே அமைந்தது. காந்தி சாலை நெரிசலில் செல்வோர்க்குத் தொழிற்சாலை அளவே தக்கது. தேய்ந்த டாப்பெட்டுகளையும் உடன் மாற்றுதல் வேண்டும். இல்லையேல் புதிய நெம்புருளும் விரைந்து தேயும்.