'டிக் டிக்' சத்தத்தைக் கேளுங்கள்

மாணவர்களில் பலர் ஓட்டுவது அப்பாவோ அண்ணனோ ஓட்டிய பழைய கார்தான். தேர்வு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறதா? உடனே புது பேட்டரிக்குக் கடன் கேட்காதீர்கள்.

சத்தம் வேகமாகத் தொடர்ந்து வந்து, விளக்கும் மங்கினால், பெரும்பாலும் பேட்டரியில் சக்தி குறைவு. சத்தம் எழுப்பச் சிறிது மின்சாரம் போதும். இயந்திரத்தைச் சுழற்ற 100 ஆம்பியருக்கும் மேல் வேண்டும். ஒரே ஒரு 'டக்' கேட்டு, விளக்கு பளிச்சென்று இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

என் காரில் தடையாக இருந்தது பேட்டரி முனையில் படிந்த வெள்ளைத் தூள். ஐந்தாம் படிவ இயற்பியலில் படித்த அதே மின்தடைதான்! கையுறை அணிந்து, நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றினேன். ஆப்பச் சோடா கலந்த வெந்நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்தேன். துடைத்து, நெகட்டிவைக் கடைசியாக மாட்டி இறுக்கினேன். புது பேட்டரிக்கான பணம் மிச்சம்.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இயந்திரம் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் புது பேட்டரியும் விரைவில் படுத்துவிடும்.