தையல்சிட்டுக் கூட்டை எட்டிப் பார்க்கலாமா?

தோட்டத்துச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்குன்னு தெரிஞ்சதும் நமக்கு வருகிற முதல் ஆசை, கிட்டப் போய் போட்டோ எடுப்பது. பார்க்கலாம், ஆனால் எப்போது, எவ்வளவு என்பதில்தான் குஞ்சுகளின் உயிர் இருக்கிறது.

அதிகம் போனால் பத்து கிராம் எடை இருக்கும் குருவி இது. பெண்குருவி இலை ஓரங்களில் அலகால் துளை போட்டு, பஞ்சு, நார், சிலந்தி நூல் என்று கிடைத்ததைக் கோத்துப் பை மாதிரி தைக்கும். முடிச்சு கிடையாது. துளைக்கு வெளியே பிசிறு விரிந்து நிற்பதால் நூல் உருவிக்கொண்டு வராது. இலையைப் பறிக்காமல் செடியிலேயே தைப்பதால் அது பச்சையாகவே இருக்கும், கூடு இருப்பதே தெரியாது.

இந்த மறைவுதான் அதன் பாதுகாப்பு. கூடு பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். பூனை, ஓணான், எலி, செம்போத்து எல்லாத்துக்கும் எட்டும். நாம் இலையை விலக்கினால் மறைவு போச்சு. தாய் பதறிக் கத்தினால் காக்காவுக்கு நாமே வழிகாட்டின மாதிரி.

முட்டை பெரும்பாலும் 3 அல்லது 4. அடைகாப்பது சுமார் 12 நாள், குஞ்சு வெளியேற இன்னும் சுமார் 14 நாள். இதில் இரண்டு கட்டங்களில் கிட்டவே போகக்கூடாது:

1. கட்டும்போதும் முட்டையிடும்போதும். அதுவரை போட்ட உழைப்பு குறைவு என்பதால், தொந்தரவு வந்தால் பறவை கூட்டைக் கைவிட்டுவிடலாம்.

2. கடைசிச் சில நாட்கள். பறக்கத் தெரியாத குஞ்சுகள் பயத்தில் கீழே குதித்துவிடும். திரும்ப வைத்தாலும் தங்காது.

இடைப்பட்ட நாட்களுக்கு, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் நெஸ்ட்வாட்ச் திட்டம் சொல்கிற விதி எளிது: மூணு நாலு நாளுக்கு ஒரு முறை, ஒரு நிமிஷத்துக்குள். காலையிலும் மழையிலும் வேண்டாம்.

இறகு முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டில் வையுங்க. மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இறகு வந்த குஞ்சானால் பக்கத்துப் புதரில் விட்டு, பூனையை வீட்டுக்குள் அடைத்தால் போதும்.

மற்ற நேரமெல்லாம் ஜன்னலே போதும். அரை மணி நேரம் உட்கார்ந்து, தாயும் தந்தையும் எத்தனை முறை இரை கொண்டு வருதுன்னு தேதி போட்டு எழுதுங்க. திரும்பிப் போகும்போது குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாகத் தூக்கிக்கொண்டு போவதும் தெரியும். இதற்கெல்லாம் இலையைத் தொடவே தேவையில்லை.